சம்பந்தி அம்மா ஸ்டூல் கேட்டார்

கீசர் எப்போது கெட்டுப்போகும் என்று யாராவது கேட்டால் இனிமேல் தயங்காமல் பதில் சொல்வேன். மே மாதத்தில் கெடாது. நீங்கள் ஊரில் இல்லாதபோது கெடாது. மகளுக்குத் தலை தீபாவளி, மாப்பிள்ளையும் அவருடைய அம்மாவும் வீட்டுக்கு வருகிறார்கள், விடிவதற்குள் எல்லோருக்கும் எண்ணெய்க் குளியல் – அப்போதுதான் கெடும்.

எங்கள் மயிலாப்பூர் வீட்டில் அப்படித்தான் கெட்டது.

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு என் மனைவி வசந்தா பாத்ரூமிலிருந்து குரல் கொடுத்தாள். “ஏன்னா, கீசர்ல லைட் எரியறது. தண்ணி மட்டும் ஐஸா வரது.”

போய்ப் பார்த்தேன். லைட் எரிந்தது. தண்ணீர் ஜில்லென்று வந்தது. சுவிட்சை அணைத்துப் போட்டேன். இன்னொரு முறை அணைத்துப் போட்டேன். மின்சார சாதனங்களுக்கு எனக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான். டிவி, ஃபேன், லிஃப்ட் எல்லாவற்றுக்கும் இதுவரை அதைத்தான் செய்து வந்திருக்கிறேன்.

கம்பெனி சர்வீஸ் சென்டருக்கு போன் செய்தேன். அந்த நம்பரை அழுத்து, இந்த நம்பரை அழுத்து என்று ஒரு பெண் குரல் என்னைச் சுற்றிச் சுற்றி அழைத்துப் போய், கடைசியில் ஒரு நிஜ மனிதரிடம் விட்டது. அவர் பண்டிகை முடிந்துதான் ஆள் வருவார் என்றார். சரி என்று தெருக்கோடியில் இருக்கும் மெக்கானிக்கை அழைத்து வந்தேன். அவர் பாத்ரூம் வாசலில் நின்றபடியே தலையை அண்ணாந்து பார்த்தார். ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொடவில்லை.

“எவ்ளோ வருஷம் ஆச்சு சார்?”

“ஏழெட்டு இருக்கும்.”

“லைஃப் முடிஞ்சிடுச்சு. புதுசு போட்டுக்கங்க. சொன்னீங்கன்னா நானே வாங்கியாந்து மாட்டிடறேன்.”

நாடி பிடித்துப் பார்க்காமலே டெத் சர்டிபிகேட் கொடுத்துவிட்டார். கல்யாணச் செலவு முடிந்து மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும் வீட்டில், அதுவும் தீபாவளிச் செலவுக்கு நடுவில், புது கீசர் என்பது சாதாரண விஷயமா? யோசித்துச் சொல்கிறேன் என்று அவரை அனுப்பிவைத்தேன்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். வசந்தாவின் கவலை கீசரைப் பற்றியது அல்ல. சம்பந்தி அம்மாவைப் பற்றியது.

எங்கள் ரம்யாவும் மாப்பிள்ளை சரவணனும் தாங்களாகவே விரும்பிக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். அவர்கள் வீடு வடபழனி. இரண்டு வீட்டிலும் சமையல் வேறு, பேச்சு வேறு, சாமி கும்பிடுகிற விதம்கூடக் கொஞ்சம் வேறு. கல்யாணப் பேச்சு வந்தபோது எங்கள் உறவில் ஓரிருவர் வாய்க்கு வந்ததைச் சொன்னார்கள். அதில் ஏதாவது ஒன்று சம்பந்தி அம்மாவின் காதுக்குப் போயிருக்குமோ என்பது வசந்தாவுக்கு இன்றுவரை தீராத பயம். அதனால் அவள் ஒரு முடிவோடு இருந்தாள். அந்த அம்மாவுக்கு எங்கள் பக்கத்திலிருந்து மரியாதையில் ஒரு குண்டுமணி அளவுகூடக் குறை வரக் கூடாது. ஏதாவது ஒன்று குறைந்தால், ‘நம்மை லேசாக நினைத்துவிட்டார்கள்’ என்று அவருக்குத் தோன்றிவிடும். அது ரம்யாவின் வாழ்க்கையில் வந்து நிற்கும்.

கல்யாண மண்டபத்தில் சம்பந்தி அம்மாவுக்கென்று வெல்வெட் வைத்த நாற்காலி போட்டது வசந்தாதான். அவர் வந்தால் காபி கொடுப்பதற்கு பீரோவிலிருந்து வெள்ளி டம்ளரை எடுத்துத் தேய்த்து வைத்திருந்ததும் வசந்தாதான். நாங்கள் கல்யாணம் ஆன நாளிலிருந்து எவர்சில்வரில் குடிக்கிறோம். வெள்ளி டம்ளரை நான் வருடத்துக்கு ஒரு முறை பூஜை அறையில் பார்ப்பதோடு சரி.

அந்த அம்மாவின் பெயர் லோகநாயகி. மாப்பிள்ளை பள்ளிக்கூடம் போகும் வயதில் கணவரை இழந்தவர். வேலைக்குப் போகும் பெண்களுக்காக வடபழனியில் ஒரு சின்ன ஹாஸ்டல் நடத்தி, மகனைப் படிக்கவைத்தவர். எங்களுக்கு அப்போது அவரைப் பற்றித் தெரிந்தது அவ்வளவுதான். கல்யாணத்தில் அவரிடம் நாங்கள் பேசியதெல்லாம் ‘சாப்டேளா’, ‘ஃபேன் போடட்டுமா’ – இந்த இரண்டு கேள்விகள்தான்.

இப்போது, அப்பேர்ப்பட்ட விருந்தாளி வருகிற நேரத்தில் கீசர் ரிப்பேர்.

வசந்தா ஒரு திட்டம் போட்டாள். குடும்பமே சேர்ந்து செய்த முட்டாள்தனம் என்று இதைச் சொன்னால் அவள் கோபித்துக்கொள்வாள். ஆகவே திட்டம் என்றே சொல்கிறேன்.

“அவாளுக்குத் தெரியவே வேண்டாம். அண்டாவுல தண்ணி காய்ச்சிடறேன். நீங்க பக்கெட்ல மொண்டு, பின்பக்க பால்கனி வழியா பாத்ரூமுக்குக் கொண்டு வெச்சுடுங்கோ. கீசர் சுவிட்சு போட்டபடியே இருக்கட்டும். லைட்தான் எரியறதே. யாருக்கு சந்தேகம் வரப்போறது?”

யோசித்துப் பாருங்கள். சூடாகாத கீசருக்கு மின்சாரம் கொடுத்து, லைட்டை மட்டும் எரியவிட்டு, அடுப்பில் கேஸ் செலவழித்துத் தண்ணீர் காய்ச்சி, அதைத் திருட்டுத்தனமாகக் கடத்தி… ஒரு பொய்க்கு இத்தனை உழைப்பு. ஆனால் நான் மறுத்துப் பேசவில்லை. பண்டிகை நேரத்தில் மனைவியிடம் வாதம் செய்கிற அளவுக்கு எனக்குத் தைரியம் கிடையாது.

தீபாவளிக்கு முதல் நாள் மதியம் மூவரும் வந்து சேர்ந்தார்கள். ஆரத்தி, வரவேற்பு எல்லாம் ஆயிற்று. மாப்பிள்ளையும் ரம்யாவும் பட்டாசு வாங்க தி.நகர் பக்கம் கிளம்பினார்கள். அந்தக் கூட்டத்தில் நுழைந்தால் மாலைக்கு முன் வர மாட்டார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். லோகநாயகி அம்மா ஹாலில், புது உறை போட்ட சோபாவில், வெள்ளி டம்ளரில் காபி குடித்துக்கொண்டிருந்தார். முதுகை நிமிர்த்தி, டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு… ஏதோ இன்டர்வியூவுக்கு வந்தவர் மாதிரி.

பிறகு முகம் கழுவுகிறேன் என்று பாத்ரூமுக்குப் போனார். போனவர் சற்று நேரத்தில் வெளியே வந்தார்.

“இன்னா சம்பந்தி, லைட்டு எரியுது, தண்ணி ஜில்லுனு கீது?”

“இப்பத்தான் போட்டேன். சூடாயிடும். நீங்க உக்காருங்கோ” என்றாள் வசந்தா.

உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி போய்ப் பார்த்துவிட்டு வந்தார். மறுபடி ‘நீங்க உக்காருங்கோ’. மூன்றாவது முறை அவர் போனபோதுதான் அது நடந்தது.

வசந்தா விடியற்காலைக்கான ஒத்திகையாக முதல் அண்டாத் தண்ணீரைக் காய்ச்சி முடித்திருந்தாள். சொன்ன சொல் தவறாமல் நானும் பக்கெட்டில் மொண்டு, பால்கனி வழியாக, ஆவி பறக்கப் பறக்க, ஓசைப்படாமல் பாத்ரூம் கதவைத் தள்ளினேன். உள்ளே லோகநாயகி அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு கீசரை அண்ணாந்து பார்த்தபடி நின்றிருந்தார்.

அவர் என்னைப் பார்த்தார். பக்கெட்டைப் பார்த்தார். ஆவியைப் பார்த்தார். நான் பக்கெட்டைக் கீழே வைத்தேன். வேறு என்ன செய்ய முடியும்?

பின்னாலேயே வந்த வசந்தாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. “இல்ல சம்பந்தி… அது வந்து… ரெண்டு நாளாத்தான்… ஆள் வரேன்னிருக்கான்…”

அவர் கோபப்படவில்லை. சிரிக்கவும் இல்லை. மெதுவாகத்தான் பேசினார்.

“கல்யாணத்துலயும் இப்டித்தான் சம்பந்தி. பெரிய சேரு போட்டு என்னை உக்கார வெச்சிட்டீங்க. எந்திரிச்சா, ‘நீங்க உக்காருங்கோ’. பந்தில ஒரு கரண்டி எடுக்கலாம்னு போனா, ‘நீங்க உக்காருங்கோ’. எம்புள்ள கல்யாணத்துக்கு நானே கெஸ்டு மாரி வந்துட்டுப் போனேன். வூட்டுக்குப் போய் அயுதுகினு இருந்தேன். இங்க வந்தா, கீசரு ரிப்பேருங்கறதக்கூட எங்கைல மறைக்கிறீங்க. சொந்தக்காரின்னு நெனச்சிருந்தா சொல்லிருப்பீங்க இல்ல?”

வசந்தா எதற்குப் பயந்தாளோ அதுவேதான் நடந்திருந்தது. மரியாதை குறைந்து அல்ல, கூடிப்போய் நடந்திருந்தது. அவள் கண் கலங்கிவிட்டது. நான் பக்கெட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

லோகநாயகி அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டார். புடவைத் தலைப்பை எடுத்து இடுப்பில் செருகினார்.

“செரி வுடுங்க. ஒரு ஸ்டூலு குடுங்க. ஸ்க்ரூ டிரைவரு, டெஸ்டரு, ஸ்பேனரு கீதா வூட்ல?”

“ஐயோ, நீங்களா? நீங்க உக்கா…” என்று ஆரம்பித்த வசந்தா பாதியிலேயே வாயை மூடிக்கொண்டாள். அடுத்த நிமிடம் சமையலறை ஸ்டூலை அவளே தூக்கிக்கொண்டு வந்தாள். என் மனைவியிடம் எனக்குப் பிடித்த குணங்களில் இது முக்கியமானது. தப்பு என்று தெரிந்தால் அங்கேயே வண்டியைத் திருப்பிவிடுவாள்.

அதன் பிறகு நடந்ததை நான் வாயைப் பிளந்துகொண்டுதான் பார்த்தேன்.

முதல் வேலையாக என்னை மெயின் போர்டுக்கு அனுப்பி கீசர் லைனையே அணைக்கச் சொன்னார். அணைத்துவிட்டேன் என்று நான் சொன்னதை நம்பாமல் டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் ஸ்டூலில் ஏறினார். அடிப்பக்கத்து மூடியைக் கழற்றினார்.

“சேப்பு லைட்டு எரிஞ்சா கரண்ட்டு வருதுன்னுதான் அர்த்தம். சூடாவுதுன்னு அர்த்தமில்ல. அதுக்குப் பக்கத்துல இன்னொரு லைட்டு கீது பாருங்க, அது எரியணும். அது எரியலன்னா உள்ளாற கட்-அவுட்டு வியுந்திருக்கும்.”

உள்ளே ஒரு சின்னப் பட்டன் இருந்தது. கீசர் அளவுக்கு மேல் சூடானால் தானாகவே மின்சாரத்தைத் துண்டித்துவிடும் ஏற்பாடாம் அது. அதை அழுத்தினார். ‘டிக்’ என்றது. மூடியை மாட்டிவிட்டு மின்சாரத்தைப் போட்டதும் இரண்டு லைட்டும் எரிந்தன. குழாயில் வெதுவெதுப்பாகத் தண்ணீர் வந்தது.

செலவே இல்லாமல் வேலை முடிந்தது என்று நான் கைதட்டப் போனேன். லோகநாயகி அம்மா கையைக் காட்டி நிறுத்தினார். கட்-அவுட் சும்மா விழாது, எதனால் விழுந்தது என்று பார்க்க வேண்டாமா என்றார். சொல்லி வாய் மூடவில்லை. கொஞ்ச நேரத்தில் ‘டிக்’. இரண்டாவது லைட் அணைந்துவிட்டது.

“இதெல்லாம் எப்படி சம்பந்தி கத்துண்டேள்?” என்று கேட்டாள் வசந்தா.

“எங்க கத்துகினேன்? ஹாஸ்டல்ல ரூமுக்கு ரூமு கீசரு. பொண்ணுங்க காலைல வெந்நி வல்லக்கா, ஆபீஸ் போவணும்க்கான்னு கத்தும். மெக்கானிக்கு வர்றதுக்குள்ள பொண்ணுங்க ரிடையரே ஆயிடும். ஒருவாட்டி வந்தான், ரெண்டுவாட்டி வந்தான், பக்கத்துல நின்னு பாத்துகினே இருந்தேன். மூணாவது வாட்டி நானே ஏறிட்டேன். மொதல்ல ரெண்ட கெடுத்துட்டேன், அது வேற கத.”

கெடுத்ததையும் சேர்த்துச் சொன்னார் பாருங்கள். அங்கேதான் எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போனது.

மறுபடி மெயினை அணைத்து, டெஸ்டரால் பார்த்து, தண்ணீர் வரும் வால்வை மூடி, கீசர் தொட்டியில் இருந்ததை வடியவிட்டார். அடியில் இருந்த போல்ட்டுகளைக் கழற்றியதும் உள்ளே இருந்து தண்ணீரோடு வெள்ளை வெள்ளையாகக் கட்டிகள் விழுந்தன. எங்கள் அபார்ட்மென்ட்டில் குளியலறைக்கு போர் தண்ணீர்தான். அதில் இருக்கும் உப்பை நாங்கள் பக்கெட் விளிம்பில் பார்த்திருக்கிறோம், ஷவரில் பார்த்திருக்கிறோம். கீசருக்குள்ளும் அது குடியிருக்கும் என்று தோன்றியதே இல்லை. தண்ணீரைச் சூடாக்கும் காயிலை வெளியே எடுத்தபோது அது மாவில் தோய்த்த பஜ்ஜி மாதிரி இருந்தது.

“இத்தினி உப்ப சுத்திகினு அது எப்டி சூட்ட தண்ணிக்குக் குடுக்கும்? உள்ளாறயே காய்ஞ்சி காய்ஞ்சி கட்-அவுட்டு வியுது. காயிலு நல்லாத்தான் கீது. உப்ப எடுத்தா போதும். ஆனா தட்டி ஒடைக்கக் கூடாது. ஊறணும்.”

“எலுமிச்சை உப்பு போறுமா?” என்று கேட்டாள் வசந்தா. “கெட்டில்ல உப்பு படிஞ்சா நான் அதைத்தான் போடுவேன்.”

“அட, அது கீதா? சூப்பரு. கொண்டாங்க.”

ஊறவைப்பதற்கு வெந்நீர் வேண்டும். நான் கடத்திக்கொண்டு வந்த பக்கெட் அங்கேயேதான் நின்றிருந்தது. எலுமிச்சை உப்பைக் கொட்டிக் கலக்கி, மேலே இருக்கும் மின்சார முனைகளில் ஈரம் படாமல் காயிலை மட்டும் அதில் இறக்கினார்கள். நுரைத்துக்கொண்டு கரைய ஆரம்பித்தது. எங்கள் பொய்க்காகக் காய்ச்சிய வெந்நீர் அப்படி ஒரு நல்ல காரியத்துக்குப் பயன்பட்டது.

எனக்கும் ஒரு வேலை கிடைத்தது. தண்ணீர் கசியாமல் இருக்கப் போடும் ரப்பர் வளையம் விரிந்து கிழிந்திருந்தது. காயிலுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு உலோகக் குச்சி பென்சில் முனை மாதிரித் தேய்ந்து போயிருந்தது. “டாங்கிய அரிக்கறதுக்கு பதிலா தண்ணி இத்த அரிக்கும். அது கரைஞ்சி டாங்கிய காப்பாத்தும். பாவம்” என்றார் லோகநாயகி அம்மா. இரண்டையும் கர்சீப்பில் சுற்றிக்கொண்டு, இதே அளவில் வாங்கி வர நான் கிளம்பினேன்.

தீபாவளிக்கு முதல் நாள் மாடவீதியில் நடந்திருக்கிறீர்களா? நடக்க வேண்டியதில்லை. கூட்டமே உங்களைத் தூக்கிக்கொண்டு போய் வேறெங்காவது விடும். ஊரே புதுத் துணியும் ஸ்வீட் டப்பாவும் சுமந்து போகையில், நான் மட்டும் கிழிந்த ரப்பரைக் கையில் வைத்துக்கொண்டு கடை கடையாக ஏறினேன். கடைசியில் ஆழ்வார்பேட்டைப் பக்கம் ஒரு ஹார்டுவேர் கடையில், கதவைப் பாதி இறக்கிவிட்டிருந்த நேரத்தில், இரண்டும் கிடைத்தன. இரண்டும் சேர்ந்து வீட்டில் வாங்கி வைத்திருந்த மைசூர்பாகு டப்பாவின் விலைகூட ஆகவில்லை.

திரும்பி வந்து பாத்ரூம் வாசலில் நின்றவன் அப்படியே நின்றுவிட்டேன். லோகநாயகி அம்மா கவிழ்த்துப் போட்ட பக்கெட்டின் மேல் உட்கார்ந்து பழைய பிரஷ்ஷால் காயிலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். வசந்தா ஸ்டூலில் ஏறி, தொட்டிக்குள் கைவிட்டு மிச்ச உப்பை வழித்துக்கொண்டிருந்தாள். இருவர் புடவையும் முழங்கால் வரை நனைந்திருந்தது. இருவரும் ரம்யாவின் சமையலைப் பற்றிப் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

“பிள்ளை பாவம், ஒண்ணும் சொல்லாம சாப்பிடறானா?”

“அவன் சொல்லமாட்டான்க்கா. நாந்தான் சொல்லுவேன்.”

‘சம்பந்தி’ எப்போது ‘அக்கா’ ஆயிற்று? நான் கடைக்குப் போயிருந்த நேரத்தில்தான் ஆகியிருக்க வேண்டும்.

புது ரப்பரை வைத்து, காயிலை ஏற்றியாயிற்று. போல்ட் முறுக்கும் வேலையை வசந்தா கேட்டு வாங்கிக்கொண்டாள். “ஒரே பக்கமா முறுக்காதீங்க. எதிரெதிரா, கொஞ்சங்கொஞ்சமா. இல்லன்னா ஒரு ஓரம் தூக்கிக்கினு ஒயுவும்” என்று கீழிருந்து குரல் வந்தது. அப்புறம் வால்வைத் திறந்து, வெந்நீர்க் குழாயைத் திறந்துவிட்டுக் காத்திருந்தோம். முதலில் காற்று புஸ்புஸ்ஸென்று வந்தது. பிறகு விட்டு விட்டுத் தண்ணீர். தொட்டி நிறைந்து, தண்ணீர் ஒரே சீராகக் கொட்டிய பிறகுதான் சுவிட்சைத் தொடவிட்டார். காலியான தொட்டியில் சுவிட்சைப் போட்டால் காயில் கருகிவிடுமாம்.

இரண்டு லைட்டும் எரிந்தன. மூன்று பேரும் பாத்ரூம் வாசலில் நின்றுகொண்டு ‘டிக்’ வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தோம். வரவில்லை. வசந்தா குழாயைத் திறந்து கையை நீட்டினாள். உடனே இழுத்துக்கொண்டாள்.

“சுடறது” என்றாள்.

“சுடணும் இல்ல, பின்ன?” என்றார் லோகநாயகி அம்மா. “வருசத்துக்கு ஒருவாட்டி இப்டித் தொறந்து கழுவிடுங்க. நாள் பூரா போட்டு வெக்காதீங்க.” கையைத் துடைத்துக்கொண்டே என் பக்கம் திரும்பினார். “அண்ணே, அந்த மெக்கானிக்கு கேட்டா, பொயச்சிகிச்சுனு சொல்லுங்க.”

மறுநாள் விடிவதற்கு முன்பே எங்கள் தெருவில் வெடிச் சத்தம் ஆரம்பித்துவிட்டது. வசந்தா மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் தலையில் எண்ணெய் வைத்தாள். மாப்பிள்ளை குளித்துவிட்டு வந்து, தண்ணீர் செம சூடு மாமா என்றார். முந்தின நாள் கதை எதுவும் அவருக்குத் தெரியாது. அப்புறம் வசந்தா மணையைத் துடைத்துப் போட்டு லோகநாயகி அம்மாவைக் கூப்பிட்டாள்.

“இப்ப மட்டும் கொஞ்சம் உக்காருங்கோ.”

அந்த அம்மா உட்கார்ந்தார். வசந்தா அவர் தலையில் எண்ணெயை வைத்து நன்றாகத் தேய்த்துவிட்டாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். வாசலில் சரவெடி வெடித்து முடியும்வரை வசந்தா தேய்த்துக்கொண்டே இருந்தாள். தலையில் யாராவது எண்ணெய் வைத்துப் பல வருடம் ஆகிவிட்டது என்று அப்புறம் அவர் சொன்னதாக வசந்தா என்னிடம் சொன்னாள்.

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் மிக்ஸி உறுமத் தொடங்கியது. வசந்தா மெக்கானிக்கைத் தேடவில்லை. வடபழனிக்குப் போன் போட்டாள். “லோகு, வரயா? எடுத்துண்டு வரட்டுமா?” என்று கேட்டாள். மத்தியானமே லோகநாயகி அம்மா வந்துவிட்டார். சமையலறைத் தரையில் பேப்பரை விரித்து மிக்ஸியைப் பிரித்துப் போட்டுக்கொண்டு இருவரும் உட்கார்ந்திருக்க, நான்தான் காபி கலந்து கொண்டுபோய்க் கொடுத்தேன்.

எவர்சில்வர் டம்ளரில்தான். வெள்ளி டம்ளர் பீரோவுக்குப் போய்விட்டது… நாங்கள் குடிக்கிற டம்ளரிலேயே கொடுப்பதற்கு மேல் ஒரு மரியாதையை எங்கள் வீட்டில் நான் இதுவரை யாருக்கும் கொடுத்துப் பார்த்ததில்லை.